மச்சாள் வீட்டுப் பகல்கள்

இணுவில் கனகாம்பிகை யாழ்ப்பாண நகரத்து ரெலிபோன் கந்தோரில் வேலை பார்த்தாள். தூர இடத்து அழைப்புகளைப் பலகையில் பொருத்திவிடுவது அவள் தொழில். பொருத்தியதும் காதை எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் லைன் பிடித்துக்கொண்டதா என்று பார்க்க நாலு சொல் கேட்கத்தான் வேண்டியிருந்தது. வருடக் கணக்கில் அந்த நாலு சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. பொய் சொல்லப்போகிறவர்கள் அதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு எடுப்பார்கள். "ஐயா வீட்டிலை இல்லை" என்று சொல்லும் வேலைக்காரி எடுப்பாள். "சரக்கை நேற்றே லொறியிலை ஏத்திப்போட்டம்" என்று கொழும்புக்குச் சொல்லும் முதலாளியும் எடுப்பார். முகம் தெரியாதவர்களின் மூச்சைப் பிடித்துப் பழகியவளுக்கு, முகம் தெரிந்தவர்களோடு கதைப்பது வரவரச் சிரமமாகிப்போனது. புருசன் நமசிவாயம் குருநாகல் அரசாங்கக் கச்சேரியில் கிளறிக்கல் உத்தியோகம். மாதத்தில் ஒருமுறை ரயிலேறி வருவான். "அங்கை எல்லாம் சுகம்தான்" என்று அவன் சொல்லும்போதுகூட அவள் காது தானாகத் தீட்டிக்கொள்ளும்.

அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை, பத்மாசினி. எழுபத்திரண்டாம் ஆண்டின் மாசி மாதத்தில் அவளுக்கு நாலு வயது ஆகவில்லை. கனகாம்பிகையின் தாய் தகப்பன் இரண்டு பேரும் கண்மூடிவிட்டார்கள். பகலில் பிள்ளையைப் பார்க்க இருந்தது அதே சிறு ஒழுங்கையில், வேலிக்கு அப்பால் அடுத்த வளவில் குடியிருந்த பூரணம்தான். நமசிவாயத்தின் ஒன்றுவிட்ட தமக்கை. கனகாம்பிகைக்கு மச்சாள் முறை. பிள்ளை பிறந்து, லீவு முடிகிற நேரம், "பூரணக்கா இருக்கிறா தானே, அவவுக்கும் பிள்ளைகுட்டி இல்லை" என்று நமசிவாயம் சொன்னான். அவ்வளவுதான். பூரணம் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டன் என்றும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை பிள்ளை அவள் மடியில் இருந்தது.

கனகாம்பிகை முதல் பஸ்ஸுக்கு ஓட வேண்டியவள். பிள்ளையை நித்திரையோடு தோளில் போட்டுக் கொண்டுபோய்ப் பூரணத்தின் பாயில் கிடத்திவிட்டு வெளிக்கிடுவாள். அந்த வருடம் கந்தோரில் இரண்டு பேர் மாற்றலாகிப் போக, அவர்களுடைய வேலையும் இவள் தலையில் விழுந்தது. பின்னேரம் நெரிசலில் தொங்கி வந்து இறங்கும்போது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். சோறு தீத்தி முடிய முன்னமே பிள்ளையின் கண் சொருகும். விழித்திருக்கிற பிள்ளையை அவள் வடிவாகப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அந்த ஒரு நாளில் ஒரு கிழமை முழுவதையும் பிள்ளையின் முகத்தில் வாசித்துவிடப் பார்ப்பாள்.

அப்படிப் பார்க்கப்போய்த்தான் சந்தேகம் வந்தது.

முதலில் நிறம். வீட்டுக்குள் இருக்கிற பிள்ளை இப்படிக் கறுக்குமா? பிறகு கண். இமையோரம் சிவந்து, அழுது ஓய்ந்தது போல் இருந்தது. தலையை முகர்ந்தால், வைத்த எண்ணெய்க்கு உள்ளேயிருந்து வெங்காய மணம் வந்தது.

"மச்சாள், பிள்ளையின்ரை தலையிலை வெங்காயம் மணக்குது."

"கறிக்கு உரிச்சனான். பக்கத்திலை இருந்தவள்" என்றாள் பூரணம்.

ஒருநாள் கறிக்கு உரிக்கலாம். ஒவ்வொரு நாளுமா?

ஒரு ஞாயிறு, கிணற்றடியில் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தபோது பத்மாசினி வாய்க்காலுக்குள் காலை வைத்துக்கொண்டு, "வள்ளியக்கா இப்பிடித்தான் தண்ணியை மறிக்கிறவ" என்றாள்.

"ஆரடி வள்ளியக்கா?"

பிள்ளை சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

"ஆரெண்டு கேக்கிறன், அம்மாட்டைச் சொல்லு."

"சொல்லக்கூடாது" என்றது பிள்ளை, கைக்குள்ளிருந்து.

கனகாம்பிகை கையிலிருந்த வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். நாலு வயது முடியாத பிள்ளைக்கு ஒரு இரகசியம். தனக்குத் தெரியாமல் ஒருத்தி பழக்கிவைத்த இரகசியம்.

அந்தத் திங்கட்கிழமை அவள் ஒரு வேலை செய்தாள். பிள்ளையின் சட்டைக்குப் பின்னால் நாடா இருந்தது. வழக்கமாகப் பூமுடிச்சுப் போடுகிறவள், அன்றைக்குச் சாக்குக் கட்டுகிற மாதிரி இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டாள். பின்னேரம் வந்து பிள்ளையைத் தூக்கும்போது முதுகைத் தடவிப் பார்த்தாள். பூமுடிச்சு.

"சட்டையை மாத்தினனீங்களோ மச்சாள்?"

"வேர்த்துப்போனாள். கழட்டிக் குளிக்கவாத்துப் போட்டனான்."

"எங்கையும் வெளிக்கிட்டனீங்களோ?"

பூரணம் அடுப்புப் பக்கம் திரும்பினாள். திரும்புவதற்கு முன் அந்த மூச்சு. கனகாம்பிகைக்கு அது லைனில் கேட்பது போலவே தெளிவாகக் கேட்டது.

"எங்கை போறது? வீட்டிலைதான் கிடந்தனாங்கள்."

வாசலில் கதிரையில் இருந்த பூரணத்தின் புருசன் கந்தப்பு எதையோ தேடுகிறவர் போல் நிலத்தைப் பார்த்தார். அவர் கொத்தனார். போன வருடம் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். கக்கூசுக்குப் போவதற்கே பூரணத்தின் தோள் வேண்டும். அந்த மனிசனும் கூட்டு என்று கனகாம்பிகை நினைத்தாள்.

என்ன கூட்டு என்பதுதான் பிடிபடவில்லை. படாதபோது மனம் கண்டபடி ஓடியது. பிள்ளை இல்லாதவள், என்ரை பிள்ளையை மெல்ல மெல்லத் தன்ரை ஆக்கப் பாக்கிறாளோ? அழுகிற பிள்ளையைப் படுக்கவைக்க அபின் உருட்டிக் கொடுக்கிறவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். பின்னேரமானால் பிள்ளை அடித்துப் போட்ட மாதிரித் தூங்குகிறதே? கழிப்புக் கழிக்கிறேன், மந்திரிக்கிறேன் என்று ஆரிடமாவது கொண்டுபோகிறாளோ? அந்த வள்ளி ஆர்? நித்திரையான பிள்ளையின் கண் இமையை விரலால் பிரித்துப் பார்ப்பாள். வாயை முகர்வாள். உள்ளங்கையை விளக்கடியில் பிடித்துப் பார்ப்பாள். நகக்கண்ணில் செம்மண் இருந்தது. இணுவிலில் எந்தப் பிள்ளையின் நகக்கண்ணில்தான் செம்மண் இல்லை?

ஒழுங்கை முழுவதும் அவளுக்கு மாறிப்போய்த் தெரிந்தது. படலையடியில் நிற்கிற பெண்கள் தான் வருவதைக் கண்டு கதையை நிறுத்துகிறார்கள் என்று பட்டது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாது என்று பட்டது.

அந்தக் கிழமை நடுவில், கந்தோரில், தோட்டக்காரர் ஒருவர் ஆசுப்பத்திரிக்கு எடுத்த அழைப்பை அவள் பொருத்தினாள். நாலு சொல்லுக்கு மேல் கேட்டுவிட்டாள். பூச்சிமருந்தைக் கையால் கரைத்த மருமகன் வாயில் நுரை தள்ளிக் கிடக்கிறானாம். "கையாலைதான் ஐயா, குடிக்கேல்லை, கையாலைதான்" என்று அந்த மனிசன் திரும்பத் திரும்பச் சொன்னார். அதிலே மூச்சு எதுவும் முந்தி வரவில்லை. அழைப்பு முடிந்த பிறகும் அந்தக் குரல் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

அடுத்த நாள் முற்பகலில் அவளுக்குப் பொறுக்கமுடியாமல் போய்விட்டது. ஒழுங்கை முகப்பில் இருந்த கூட்டுறவுச் சங்கக்கடையில்தான் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே ஒரேயொரு ரெலிபோன். மனேச்சர் சோமசேகரத்தை அழைத்தாள்.

"அண்ணை, ஒரு உதவி. பூரண மச்சாள் வீட்டை ஒருக்கா எட்டிப் பாத்துச் சொல்லுறியளோ? பிள்ளைக்குக் காலமை மேல் சுட்டது."

பிள்ளைக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. சொல்வதற்கு முன் தானும் ஒரு மூச்சு எடுத்ததை அவளே கேட்டாள்.

சோமசேகரம் றிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த நேரம் முழுவதும் அவள் காதுக்குள் சங்கக்கடையின் மணிக்கூடு அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அவருடைய குரலில் சிரிப்பும் குழப்பமும் கலந்திருந்தன.

"தங்கச்சி, வீட்டிலை கந்தப்பர் மட்டும்தான். பூரணம் பிள்ளையோடை எங்கை எண்டு கேட்டன். சங்கக்கடைக்குப் போட்டாவாம். சங்கக்கடையிலையிருந்து போன எனக்கே சொல்லுறார்!"

கனகாம்பிகை மேற்பார்வையாளர் செல்வநாயகத்திடம் போனாள். கண்டிப்பான மனிசன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காரணம் கேட்காமல், "போட்டு வாரும்" என்றார். வந்த பஸ்ஸில் ஏறினாள். அது நிற்கிற ஒவ்வொரு தரிப்பிலும் அவளுக்கு உயிர் போய்வந்தது.

கந்தப்பு கதிரையில் இருந்தபடியே அவளைக் கண்டார். எழும்ப முயன்று முடியாமல் இருந்துவிட்டார்.

"அண்ணை, என்ரை பிள்ளை எங்கை?"

"இப்ப வந்திடுவினம், பிள்ளை. இரு, தண்ணி குடி..."

"என்ரை பிள்ளை எங்கை அண்ணை?"

அவர் தலையைக் குனிந்தார். "உரும்பிராய்ப் பக்கம். கதிரவேலற்றை தோட்டம். பூரணத்தோடை சத்தம் போடாதை. என்னாலைதான்."

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள், பிறகு ஓடினாள். பனைவடலிகளைத் தாண்டியதும் தோட்டங்கள் விரிந்தன. வெங்காயம் கிண்டுகிற காலம். வெளிநாட்டு வெங்காயம் வராத அந்த வருடங்களில் ஒரு துண்டுக் காணிகூடச் சும்மா கிடக்கவில்லை. முதல் தோட்டத்து மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவே ஒரு மனிசன் முதுகில் தகரத் தாங்கியைக் கட்டிக்கொண்டு, மூக்கைச் சால்வையால் மூடிக்கொண்டு, மருந்தடித்துக்கொண்டு போனார். காற்று அவர் பக்கமிருந்து இவள் பக்கம் வீசியது. தொண்டை கரித்தது. கையாலைதான் ஐயா, கையாலைதான்.

இரண்டு தோட்டம் தள்ளி, தண்ணீர் இறைக்கிற மிசின் கொட்டிலுக்குப் பக்கத்தில் பிள்ளை இருந்தது. முழங்கால் வரை தொங்கிய பெரிய ஆளின் பழைய சேட்டு. தலையில் ஓலைத் தொப்பி. இரண்டு காலும் வாய்க்காலுக்குள். மடியில் வெங்காயக் குவியல். ஒரு இளம்பெட்டை, அந்த வள்ளியாகத்தான் இருக்கவேண்டும், பக்கத்தில் இருந்து பிடி கட்ட, பத்மாசினி வெங்காயத் தாளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிள்ளை இப்படிச் சத்தமாகச் சிரிக்கும் என்பது கனகாம்பிகைக்குத் தெரியாது.

வரிசையில் குனிந்து வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து ஒருத்தி நிமிர்ந்தாள். பூரணம். சேலையை வரிந்து கட்டியிருந்தாள். அடையாளம் தெரியாமல் இருக்க முகத்தில் பாதியைத் துணியால் மூடியிருந்தாள்.

"பத்மாசினி!" என்று கனகாம்பிகை கத்தினாள்.

பிள்ளை திரும்பிப் பார்த்தது. சிரிப்பு நின்றது. எழும்பி ஓடியது, தாயிடம் அல்ல. பூரணத்தின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "நான் சொல்லேல்லை மாமி. நான் அம்மாட்டைச் சொல்லவே இல்லை" என்றது.

ஓடிவந்த களைப்பெல்லாம் அந்த நொடியில் கோபமாக மாறியது.

"பச்சைப் பிள்ளைக்குப் பொய் பழக்கிறியளோ? அந்தா, மருந்தடிக்கிறாங்கள், உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

"மெல்லக் கதை, கனகம். சனம் பாக்குது."

"பாக்கட்டும். என்ரை பிள்ளையைக் கூலிக்குக் கொண்டந்து விட்டிருக்கிறியள்."

பூரணம் முகத்துத் துணியை அவிழ்த்தாள். "பிள்ளை விளையாடுறாள். கூலிக்கு வந்தது நான். வேணுமெண்டா என்னைச் சொல்லு. கொத்தனார் கந்தப்பற்றை பெண்சாதி ஊரான்ரை தோட்டத்திலை குனிஞ்சு நிக்கிறாள் எண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லு. அது தெரியக்கூடாதெண்டுதான் இவ்வளவு தூரம் நடந்து வாறனான். அவர் விழுந்து ஒரு வருசமாச்சு. எங்கடை அடுப்பு எப்பிடி எரியுதெண்டு நீ ஒருநாள் கேட்டனியோ?"

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே!"

"எப்ப சொல்லுறது? காலமை பிள்ளையை இறக்கிப்போட்டு ஓடுவாய். பின்னேரம் வந்தா பிள்ளையின்ரை தலையை மோந்து பாப்பாய், முதுகைத் தடவிப் பாப்பாய். என்ரை முகத்தைப் பாக்கிறேல்லை. உன்ரை வேலை எண்டா அது டியூட்டி. நான் மட்டும் சும்மா இருக்கிறவள், என்ன? பிள்ளையை வைச்சிருக்க எனக்கு ஏலுமோ எண்டு உன்ரை புருசனும் கேக்கேல்லை, நீயும் கேக்கேல்லை."

வரிசையில் இருந்த பெண்கள் குனிந்தபடியே காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.  கனகாம்பிகை மருந்தைப் பற்றி மட்டும் திரும்பவும் கேட்டாள்.

"பக்கத்துத் தோட்டத்திலை மருந்தெண்டா நான் பிள்ளையைக் கொட்டிலுக்குள்ளை வைச்சிடுவன். இண்டைக்கு இப்பத்தான் துவங்கினவங்கள்" என்றாள் பூரணம்.

அந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சு வந்ததா? காற்றில், மிசின் சத்தத்தில், கனகாம்பிகைக்குப் பிடிபடவில்லை. பிள்ளையை இழுத்துத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வழி நெடுகப் பிள்ளை "மாமி, மாமி" என்று அவள் தோளில் அடித்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கெட்டவை. கையில் இருந்த லீவு முடிந்ததும் கோண்டாவிலில் ஒரு பொம்பிளையிடம் விட்டாள். பிள்ளை அங்கே சாப்பிடவில்லை. அந்தப் பொம்பிளை, "நல்லாத்தான் சாப்பிட்டவள்" என்று சொல்வதற்கு முன் எடுத்த மூச்சு ஒழுங்கை முகப்புக்கே கேட்டிருக்கும். நமசிவாயம் வந்தான், கேட்டான், "வேலையை விடு" என்றான். "நீங்கள் விட்டிட்டு இஞ்சை வாங்கோ" என்றாள் அவள். இரண்டு பேரும் முகம் பாராமல் இருந்து, அவன் ஞாயிறு ரயிலுக்குப் போனான்.

போகும் வழியில் அவன் பூரணத்தின் வளவுக்குள் ஏறி இறங்கியதை அவள் வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். என்ன கதைத்தான் என்று தெரியாது. அன்று பின்னேரம் பிள்ளை அதே பொட்டுக்குள்ளால் கையை நீட்டிக்கொண்டு நின்றது. வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஆளும் இல்லை, சத்தமும் இல்லை. தான் தேடியது கள்ளத்தை என்றும், கண்டுபிடித்தது ஒரு பொம்பிளையின் கஷ்டத்தை என்றும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்காக முழு நம்பிக்கையும் வந்துவிடவில்லை. இரண்டும் அவளுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

செல்வநாயகத்திடம் போய், மத்தியானத்தில் தொடங்கி இரவில் முடிகிற டியூட்டியைத் தனக்கே நிரந்தரமாகத் தரச் சொல்லிக் கேட்டாள். பெண்கள் யாரும் விரும்பிக் கேட்காத நேரம் அது.

"கடைசி பஸ்ஸிலை போகவேணும். ஊர் கதைக்கும்" என்றார் அவர்.

"கதைக்கட்டும் சேர். காலமையிலை எனக்குப் பிள்ளை வேணும்."

பிறகு பூரணத்தின் படலையைத் திறந்துகொண்டு போனாள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"மச்சாள், தோட்டத்தாலை மத்தியானத்துக்கு முதல் வந்திடுவியளோ?"

"ஏன் கேக்கிறாய்?"

"நீங்கள் வந்தாப்பிறகு பிள்ளையை விட்டிட்டு நான் போவன். காலமையிலை என்னோடை இருப்பாள். ஏலுமோ? ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லுங்கோ."

 பூரணம் கந்தப்புவின் முதுகுக்குத் தலையணையைத் திருத்திவைத்தாள். பிறகு, "கதிரவேலரோடை கதைச்சுப் பாக்கிறன். முந்தி வெளிக்கிட விட்டா ஏலும்" என்றாள்.

கதிரவேலு விட்டார். விடியப் போய் முந்தி வர ஒரு ஆள் கிடைத்தது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது. அப்படி இரண்டு பெண்களின் நேரமும் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டது. கனகாம்பிகைக்குக் காலைகள் கிடைத்தன. பிள்ளைக்கு எந்தக் கறி பிடிக்காது, எந்த நாய்க்குப் பயம், கோபம் வந்தால் எந்த மூலையில் போய் இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அந்தக் காலைகளில்தான் தெரியவந்தது.

சந்தேகம் இப்போது வேறு பக்கத்தால் வந்தது. கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிற பொம்பிளையைப் பற்றி ஊர் கதைத்தது. ஆரோடை வாறாள், எங்கை நிண்டு வாறாள் என்று படலையடிகள் கணக்குப் பார்த்தன. இந்த முறை உண்மையாகவே அவளைக் கண்டு கதையை நிறுத்தினார்கள். ஒருநாள் பஸ் தரிப்பில் ரோச்லைற்றோடு பூரணம் நின்றாள், நித்திரைப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு. அடுத்த நாளும் நின்றாள். இரண்டு பேரும் எல்லாரும் பார்க்க ஒன்றாகவே ஒழுங்கையால் நடந்து வந்தார்கள். கொஞ்ச நாளில் கதை தேய்ந்துபோனது.

இரண்டு பேரும் சினேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று சொல்லமுடியாது. பிள்ளையை வாங்கும்போது கனகாம்பிகை பழக்கதோசத்தில் தலையை முகர்வாள். பூரணம், "மோந்து பாத்திட்டியோ? சரி, கொண்டுபோ" என்பாள். நமசிவாயம் பிறகு சாவகச்சேரிக்கு மாற்றலாகி வந்தான். கந்தப்பு எழும்பி நடக்கத் தொடங்கினார். பழைய வேலைக்கு மட்டும் போக முடியவில்லை. பூரணம் முகத்தை மூடாமலேயே தோட்டத்துக்குப் போய் வந்தாள்.

எண்பத்திரண்டாம் ஆண்டில் கனகாம்பிகைக்கு இணுவிலுக்குக் கிட்டவே உள்ள திருநெல்வேலித் தபால் கந்தோரில் பகல் வேலை கிடைத்தது. வெயில் சாய முன்னமே வீட்டுக்கு வந்துவிடலாம். வந்து, தேத்தண்ணி போட்டு வைத்துக்கொண்டு இருந்தால் வீட்டில் ஆள் இல்லை. பத்மாசினிக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் ரியூசன்; கணக்குக்கு ஒரு இடம், விஞ்ஞானத்துக்கு இன்னொரு இடம். பொழுதுபட்டுத்தான் சைக்கிளில் வந்து இறங்குவாள்.

"இண்டைக்குப் படிப்பு இருந்ததோ?" என்று கனகாம்பிகை கேட்பாள்.

"இருந்ததம்மா."

"ஆர் படிப்பிச்சது?"

பத்மாசினி சைக்கிளைச் சாத்திவிட்டுத் தாயைப் பார்த்துச் சிரித்தாள். "வந்து சட்டையை மோந்து பாருங்கோவன்" என்று சொல்லிவிட்டு, புத்தகங்களைக் கதிரையில் எறிந்துவிட்டு, வேலியால் புகுந்து மாமி வீட்டுக்கு ஓடினாள். கனகாம்பிகை மகளுக்கும் மச்சாளுக்குமாகத் தேத்தண்ணியை இரண்டு பேணியில் ஊற்றி எடுத்துக்கொண்டு பின்னாலே போனாள்.